பழைய 35 மெசின் புளொக்கில் தண்ணீர் ஒழுக்கு, இடம் பிடிபடவில்லை

வவுணதீவு வயல்காரன்:
அப்பாவின் மெஸி பெர்குசன் 35 டிராக்டர். பாவித்த மெசினாக இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்ததாம். எந்த வருடம் வாங்கினீர்கள் என்று கேட்டால் "சூறாவளிக்குப் பிறகு" என்பதோடு அப்பா நிறுத்திவிடுவார்.

அரை நாள் உழுதால் ரேடியேற்றரில் ஒரு போத்தல் தண்ணீர் குறைகிறது. ஸ்டார்ட்டர் மோட்டருக்குக் கீழே, சம்ப் (எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கும் தொட்டி) விளிம்பில் சொட்டு நிற்கிறது. ஒரு கராஜில் ஹெட் கஸ்கட் என்று சொல்லிக் கழற்றி மாற்றினார்கள். காசு போனது, ஒழுக்கு போகவில்லை. அப்புறம் தண்ணீரோடு கலக்கும் ஒழுக்கடைப்பான் ஒரு டின் ஊற்றினார்கள். இரண்டு நாள் நின்றது, மூன்றாம் நாள் பழையபடி. இப்போது புளொக்கையே மாற்றச் சொல்கிறார்கள். பெரும்போகத்துக்கு மூன்று கிழமைதான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

கல்லடிப் பாலத்தடி:
மச்சான், ஒரு முட்டையை உடைத்து ரேடியேற்றரில் ஊற்று. என் மாமா லொறிக்கு அதைத்தான் செய்தார். மஞ்சள் தூளும் போடலாம்.

பழைய இரும்பு (களுவாஞ்சிகுடி):
முட்டை ஊற்றினால் முதலில் அடைபடுவது ரேடியேற்றரின் மெல்லிய குழாய்கள்தான். ஏற்கெனவே ஒரு டின் வேறு போயிருக்கிறது. தம்பி, இன்னும் எதையும் ஊற்றாதீர்கள். எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் அடைத்தால், பிறகு கண்டுபிடிப்பது இரண்டு மடங்கு கஷ்டம்.

முதலில் இதைச் சொல்லுங்கள்: நாலு சிலிண்டரா, மூன்று சிலிண்டரா? ஆரம்ப 35இல் ஸ்டாண்டர்ட் 23சி என்ற நாலு சிலிண்டர் டீசல் எஞ்சின் வந்தது. அதில் லைனரை, அதாவது பிஸ்டன் ஓடும் உறையை, சுற்றியே தண்ணீர் நிற்கும். லைனரின் அடிக் கஸ்கட் போனால் தண்ணீர் நேரே சம்புக்குள் இறங்கும். 1959 இறுதியில் வந்த மூன்று சிலிண்டர் பேர்கின்ஸில் லைனரைத் தண்ணீர் தொடாது. அடுத்தது, டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஒயில் பால் தேத்தண்ணி மாதிரி இருக்கிறதா?

வவுணதீவு வயல்காரன்:
மூன்று சிலிண்டர், அண்ணே. ஒயில் கறுப்பாகச் சுத்தமாகத்தான் இருக்கிறது.

பழைய இரும்பு:
அப்படியானால் ஒழுக்கு வெளிப்பக்கம். நல்ல செய்தி.

சொட்டு நிற்கும் இடம் ஒழுகும் இடம் இல்லை. வார்ப்பின் மேடு பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஒரு முழம்கூட ஓடும். ஸ்டார்ட்டரைக் கழற்றி, அந்தப் பக்கத்தை டீசலால் கழுவித் துடையுங்கள். பழைய ரேடியேற்றர் மூடி ஒன்றில் துளை போட்டு ட்யூப்லெஸ் டயர் வால்வைப் பூட்டுங்கள். ஓவர்ப்ளோ குழாயை இறுக்கிக் கட்டிவிட்டு சைக்கிள் பம்பால் காற்றடியுங்கள். 10 பி.எஸ்.ஐ. போதும். கொம்பிரசர் வேண்டாம், ரேடியேற்றர் வாய் பிளக்கும். புளொக்கில் முகப் பவுடரைத் தூவிவிட்டு அரை மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். ஈரம் தடம் போட்டுக் காட்டும். கோர் பிளக் (புளொக்கின் வார்ப்புத் துளையை அடைக்கும் தகட்டு மூடி) விளிம்பை மறக்காமல் பாருங்கள். பாதிக் கேஸ் அதுதான்.

வவுணதீவு வயல்காரன்:
பார்த்தேன். கோர் பிளக் காய்ந்திருக்கிறது. அதற்கு நாலு விரல் தள்ளி, பெயின்டுக்கு அடியிலிருந்து கசிகிறது. ஆனால் வெடிப்பு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

அக்கரைப்பற்று லேத்:
பெயின்டைச் சுரண்டுங்கள். கம்பிப் பிரஷ் போதும், கிரைண்டர் வேண்டாம், கிரைண்டர் வெடிப்பின் வாயை இழுத்து மூடிவிடும். தண்ணீரை இறக்கி நன்றாகக் காயவிட்டு மண்ணெண்ணெய் பூசுங்கள். கால் மணி நேரம் ஊறட்டும். மேலே சொட்டுக்கூட இல்லாமல் துடைத்துவிட்டு, சோக்கட்டியைத் தேய்த்து வெள்ளையாக்குங்கள். பிறகு பக்கத்தில் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். வெடிப்புக்குள் போன மண்ணெண்ணெய் திரும்பி வந்து சோக்கில் கோடு கீறும். கடையில் விற்கும் சிவப்புச் சாய ஸ்ப்ரே செய்வதும் இதே வேலைதான்.

கோடாக வந்தால் வெடிப்பு. ஊசிக் குத்து மாதிரிப் புள்ளி புள்ளியாக வந்தால் வார்க்கும்போதே உள்ளே நின்ற காற்றுத் துளை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

வவுணதீவு வயல்காரன்:
கோடுதான் காக்கா! படுக்கையாக, சரியாக 6 சென்றிமீற்றர். சுரண்டும்போது பெயின்டுக்கு அடியில் சாம்பல் நிறத்தில் பழைய பசை கட்டியாகப் பெயர்ந்து வந்தது. அப்பா தான் ஒருநாளும் அதில் கைவைக்கவில்லை என்று சத்தியம் செய்கிறார்.

பழைய இரும்பு:
அப்பா சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். தண்ணீர் உறைந்தால் 9 வீதமளவு பெருக்கும். குளிர் நாட்டில் தண்ணீர் இறக்காமல் வெளியே விட்ட மெசினுக்கு, தண்ணீர் அறையின் சுவர் இப்படித்தான் படுக்கையாகப் பிளக்கும். பசை தடவி, பெயின்ட் அடித்து, கப்பலில் ஏற்றியிருக்கிறார்கள். நம்மூரில் வெடிப்பது வேறு மாதிரி: கொதிக்கிற எஞ்சினில் வாய்க்கால் தண்ணீரை வாளியால் ஊற்றுவோம், அதில் பெரும்பாலும் ஹெட் போகும்.

கல்லடிப் பாலத்தடி:
வெல்டிங் அடித்தால் முடிந்தது தானே?

அக்கரைப்பற்று லேத்:
வார்ப்பிரும்பில் கரி அதிகம், 3 வீதத்துக்கு மேலே போகும். சும்மா வெல்டிங் அடித்தால் ஒட்டின கரையில் கண்ணாடி மாதிரி இறுகி, பக்கத்திலேயே புது வெடிப்பு விடும். நிக்கல் குச்சியால் ஒட்டலாம்தான். சூடு காட்டி, ஒரு அங்குலம் அடித்து, தட்டி, ஆறவிட்டு, கடைசியில் உமிச்சாம்பலுக்குள் மூடி வைக்க வேண்டும். எஞ்சினை இறக்காமல் அது சரிவராது. உங்கள் வெடிப்பு தண்ணீர்ச் சுவரில், அழுத்தம் குறைந்த இடம். வரிசையாக ஸ்க்ரூ போட்டுத் தைத்துவிடுங்கள்.

இரண்டு நுனியிலும் 3 மி.மீ. துளை போடுங்கள், கோடு முடியும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி. அதுதான் வெடிப்பு மேலும் ஓடாமல் நிறுத்தும். ஒரு நுனியிலிருந்து 5 மி.மீ. துளை, 6 மி.மீ. டாப் போட்டு மரை வெட்டி, சாதாரண இரும்பு ஸ்க்ரூவில் சீலன்ட் தடவி இறுக்கி, தலையை வெட்டுங்கள். அடுத்த துளை முதல் ஸ்க்ரூவின் மூன்றிலொரு பங்கைக் கடித்துக்கொண்டு விழ வேண்டும். ஒரு ஸ்க்ரூவுக்கு 4 மி.மீ. நகரும், உங்களுக்கு 16 ஸ்க்ரூ வரும். கடைசி ஸ்க்ரூ நுனித் துளையை விழுங்க வேண்டும். முடிந்தபிறகு உருண்டை மூக்குச் சுத்தியலால் லேசாகத் தட்டி அராவுங்கள். அவசரப்பட்டால் டாப் முறியும், பிறகு முறிந்த டாப்பை எடுப்பது எப்படி என்று இங்கே இன்னொரு கேள்வி போட வேண்டிவரும்.

வவுணதீவு வயல்காரன்:
இரண்டு பின்னேரம் பிடித்தது. 17 ஸ்க்ரூ. டாப் ஒன்று முறிந்தது (வாய் வைத்துவிட்டீர்கள் காக்கா), நல்லவேளை பாதி வெளியே நின்றது. 10 பி.எஸ்.ஐ. அடித்துப் பார்த்தேன். ஐந்தாவது ஸ்க்ரூவின் ஓரத்தில் ஊசிமுனை அளவு ஒரு முத்து. இன்னும் கொஞ்சம் தட்டினேன், நின்றுவிட்டது. நேற்று நாலு ஏக்கர் உழுதேன், தண்ணீர் இறங்கவில்லை. அப்பா மட்டும் ஒவ்வொரு வரம்பு முடிவிலும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு கேள்வி மிச்சம்: எங்கள் கிணறு வாவிக்குப் பக்கம், கொஞ்சம் உவர். அதையே ஊற்றலாமா?

பழைய இரும்பு:
வேண்டாம் தம்பி. உப்பு இரும்பை உள்ளிருந்து அரிக்கும், கோர் பிளக் முதலில் போகும். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து, கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். அதற்கு முன் ரேடியேற்றரைக் கழற்றித் தலைகீழாகக் கழுவுங்கள். அந்த டின் மருந்து இன்னும் உள்ளேதான் கிடக்கும்.