பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய சாமான் விற்க என்ன தயார் செய்யணும்?

குரோம்பேட்டைவாசி:
வணக்கம். வீடு காலி செய்கிறோம். இரண்டு சீலிங் ஃபேன், ஒரு மிக்சி, 12 கிலோ அளவுக்குப் பித்தளைப் பாத்திரம், ஒரு பெட்டி புத்தகம், ஸ்பேனர் சுத்தியல் வகையறா, ஓர் ஆண்ட்ராய்டு போன் எல்லாம் இருக்கு. காயலான் கடைக்காரர் மொத்தத்தையும் எடைக்குக் கேட்கிறார். அதைவிடப் பல்லாவரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நாங்களே விரித்து விற்கலாம் என்று பார்க்கிறோம். எதைப் பழுது பார்ப்பது, எதை அப்படியே வைப்பது, விலை எப்படிச் சொல்வது?

கண்டன்சர்:
மின் சாமான்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்க. கரகரப்பு இல்லாமல் சுற்றி, கரண்ட் கொடுத்தால் மட்டும் மெதுவாக ஓடுகிறது என்றால் பெரும்பாலும் கண்டன்சர் (மோட்டாரோடு இணைத்திருக்கும் சின்னக் கெபாசிட்டர்) கோளாறுதான். பழையதன் மேல் போட்டிருக்கும் அளவையே வாங்குங்க; வீட்டு ஃபேனில் அநேகமாக 2.5 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட்) இருக்கும். சின்னச் செலவு, ஆனால் ஓடும் ஃபேனுக்கும் ஓடாத ஃபேனுக்கும் விலை வித்தியாசம் பெரிசு. கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங். அதை மாற்றாதீங்க, கூலி கட்டுப்படியாகாது. "பேரிங் சத்தம்" என்று எழுதி ஒட்டி, விலையைக் குறைத்து வையுங்க.

இரண்டு ஃபேனின் இறக்கைகளையும் கலந்துவிடாதீங்க. ஒரு ஃபேனின் மூன்று இறக்கையும் எடை பார்த்துச் சேர்த்த செட். மாறினால் மேலே மாட்டியதும் ஆடும், வாங்கினவர் அடுத்த வாரம் தேடி வருவார். மார்க்கரால் 1, 2 என்று குறித்துத் தனித்தனியாகக் கட்டுங்க. ஸ்க்ரூ, ரப்பர் புஷ், போல்ட், ஸ்ப்ளிட் பின் எல்லாம் ஒரு கவரில் போட்டு அந்தந்த ராடிலேயே கட்டிவிடணும்.

மிக்சி வாங்குகிறவர் முதலில் ஜாரைக் கவிழ்த்துத்தான் பார்ப்பார். அடியில் கப்ளரை (மோட்டாரோடு பொருந்துகிற பகுதி) சுற்றிக் கறுப்பு மசி வழிந்திருந்தால் புஷ் தேய்ந்து தண்ணீர் இறங்குகிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் அந்த இடத்தைத் தேய்த்துக் கழுவி, ஜாரில் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் காகிதத்தின் மேல் வையுங்க. காகிதம் நனைந்தால் ஒழுகுகிறது. அதை மறைக்காமல் சொல்லிவிடுங்க.

தரையில் விரிக்கும் கடைக்குக் கரண்ட் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீங்க. வீட்டிலேயே ஃபேனும் மிக்சியும் ஓடுவதை, பிளக்கும் தெரிகிற மாதிரி, சத்தத்தோடு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்க.

ஈயப்பூச்சு:
பித்தளைக்கு முதலில் காந்தம். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம்தான். அதைத் தனியாக ஒதுக்குங்க. மீதியை ஒவ்வொன்றாக எடை போட்டு அடியில் பென்சிலால் குறியுங்க. புறப்படுவதற்கு முந்தின நாள் இரண்டு கடையில் கிலோ விலை விசாரித்தால் அதுதான் உங்கள் அடிவிலை. அதற்குக் கீழே யாருக்கும் கொடுக்க வேண்டாம், காயலான் கடையே அந்தக் காசைத் தரும்.

எல்லாவற்றையும் புளி போட்டுப் பளபளவென்று துலக்காதீங்க. புழங்குகிற குடம், அண்டா, சொம்பு துலக்கினால் விலை போகும். பழைய குத்துவிளக்கு, கூஜா, வெற்றிலைப் பெட்டி தேடி வருகிறவர்களுக்கு அந்தக் கருமைதான் வேணும். ஈரத்துணியால் தூசி மட்டும் துடையுங்க. விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டின பெயரும் தேதியும் இருந்தால் அந்தப் பக்கம் வெளியே தெரிய வையுங்க. அதைத் தேய்த்து அழிக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீங்க, வயசுக்கு அதுதான் சாட்சி.

சமைக்கும் பாத்திரத்தில் உள்ளே ஈயம் போயிருந்தால் வாங்குகிறவரிடம் சொல்லியே ஆகணும். ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறும், உடம்புக்கு ஆகாது.

டிரங்க்ரோடு:
முதல் வாரம் சாமான் இல்லாமல் போய்ப் பாருங்க. சந்தை நடக்கிற பழைய டிரங்க் ரோட்டில் வாடிக்கையாகக் கடை போடுகிறவர்களுக்கு அவரவர் இடம் உண்டு. பழைய சாமான் வரிசை எங்கே, செடி, துணி வரிசை எங்கே என்று பார்த்து, பக்கத்துக் கடைக்காரரிடமே இடமும் கட்டணமும் கேளுங்க. செடிக்கடைக்கு நடுவில் ஸ்பேனர் வைத்தால் யாரும் குனிந்துகூடப் பார்க்க மாட்டார்கள். கடைகள் விரித்தபிறகு வண்டி நுழைவது சிரமம், அதனால் விடியும்போதே இறக்கிவிடணும்.

மூட்டையை அவிழ்க்கும்போதே வியாபாரிகள் சூழ்ந்துகொண்டு மொத்தமாக ஒரு விலை பேசுவார்கள். எல்லாம் விரித்து முடிக்கிற வரைக்கும் எதையும் கொடுக்காதீங்க. நல்ல சாமான் நாலு அப்போதே போய்விட்டால் மிச்சத்தைப் பார்க்க ஆள் நிற்காது.

6க்கு 8 அடி தார்ப்பாய் இரண்டு: ஒன்று விரிக்க, ஒன்று மழைக்கு மூட. நாலு செங்கல், கயிறு, தண்ணீர். சில்லறையாக 10, 20, 50 ரூபாய்த் தாளில் ஆயிரம் ரூபாய். விலையைச் சீட்டில் எழுதாதீங்க. குறை மட்டும் எழுதுங்க. கேட்கிற விலையை அடிவிலைக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு கூட்டிச் சொன்னால் பேரத்துக்கு இடம் இருக்கும். போணிக்கு மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுங்க.

குரோம்பேட்டைவாசி:
ரொம்ப நன்றி. புத்தகமும் போனும்?

டிரங்க்ரோடு:
சமச்சீர்ப் பாடப்புத்தகம் இருந்தால் டிஎன்பிஎஸ்சி படிக்கிறவர்கள் வாங்குவார்கள், வகுப்பு வாரியாகக் கட்டி முன்னால் வையுங்க. மற்றதை முதுகு மேலே தெரிகிற மாதிரி பெட்டியிலேயே அடுக்குங்க. படுக்க வைத்து அடுக்கினால் அடியில் இருப்பதை யாரும் இழுத்துப் பார்ப்பதில்லை.

கண்டன்சர்:
போனில் கூகுள் கணக்கை செட்டிங்ஸில் போய் முதலில் நீக்குங்க, அப்புறம்தான் ரீசெட். நீக்காமல் ரெகவரி வழியாக அழித்தால் புது ஆள் திறக்கும்போது உங்கள் கணக்கையே கேட்டு நிற்கும். சிம், மெமரி கார்டு எடுத்தாச்சா பாருங்க. பில் இருந்தால் அதன் நகலோடு கொடுங்க. வாங்குகிறவர் *#06# அடித்து வரும் எண்ணைப் பில்லோடு ஒத்துப் பார்த்துக்கொள்வார். பில் இல்லாத போனைத் திருட்டு மால் என்று நினைத்துத்தான் விலை கேட்பார்கள். அப்படியென்றால் சந்தைக்கே கொண்டுபோகாமல் கடையில் எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடுங்க.