புதுப்பிப்பு: ஆயில் மாற்றிய பிறகு வந்த கசிவு நின்றுவிட்டது
காருக்கு நானே ஆயிலும் ஃபில்டரும் மாற்றினேன், மறுநாள் காலையில் வண்டிக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை, ட்ரெயின் போல்ட்டை (பழைய ஆயிலை வடிக்க எஞ்சினின் அடியில் கழற்றும் போல்ட்) இன்னும் இறுக்கலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். காரணம் அது இல்லை. போல்ட்டைத் துடைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தேன், அது காய்ந்தே இருந்தது, ஃபில்டர் விளிம்பில்தான் துளி கோத்து நின்றது. சரி என்று அணைத்துக் கழற்றினால், பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினோடு அப்படியே ஒட்டியிருக்கிறது! கறுத்துத் தட்டையாகிப் போனதால் முதல் தடவை கண்ணில் படவே இல்லை. அதன்மேல் புது ஃபில்டரின் வளையமும் உட்கார்ந்தால் எப்படி அடைக்கும்?

நகத்தால் நெம்பி எடுத்தேன், அந்த இடத்தைத் துணியால் துடைத்தேன், அப்புறம் புது வளையத்தில் விரலால் ஆயில் தடவி, கையாலேயே திருகி, வளையம் தொட்டதும் முக்கால் சுற்று. ஸ்பேனர் போடவில்லை. குறைந்த ஆயிலை ஊற்றி டிப்ஸ்டிக்கிலும் (ஆயில் அளவு காட்டும் குச்சி) பார்த்துவிட்டேன்.

நான்கு நாளாகக் கீழே விரித்த அட்டையில் ஒரு சொட்டு இல்லை. பழைய ஃபில்டர் கைக்கு வந்ததும் வளையம் அதோடு வந்திருக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள், ஓடும்போது இரட்டை வளையம் அழுத்தத்தில் பிதுங்கினால் சில நிமிடங்களில் ஆயில் முழுவதும் வெளியே போய் எஞ்சினே இறுகிச் சுற்றாமல் நின்றுவிடும்.