அட்ரீனல்ல கட்டி, பிபி திடீர் திடீர்னு ஏறுது, ஆபரேஷனுக்கு முன்னாடி ரெண்டு வாரம் மாத்திரை எதுக்கு?

வைகைக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். என் தங்கச்சிக்கு வயசு 34. ரொம்ப நாளாவே திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிக்கும், தலை வெடிக்கிற மாதிரி வலிக்கும், தலகாணி நனையுற அளவுக்கு வேர்த்துக் கொட்டும், மூஞ்சி வெளிறிப் போயிடும், கால் மணி அரை மணி நேரத்துல தானா அடங்கிடும். அந்த நேரத்துல பிபி பார்த்தா 210/120, அடங்கினப்புறம் பார்த்தா 124/80. இங்க ஒரு டாக்டர் டென்ஷன், பேனிக் அட்டாக்னு சொல்லி படபடப்புக்கு ப்ரோப்ரனோலால் குடுத்தாரு, அதைப் போட ஆரம்பிச்சதும் பிபி முன்னைவிட மோசமா ஏறுச்சு. போன மாசம் வயித்து வலிக்கு ஸ்கேன் எடுத்தப்போதான் வலது கிட்னிக்கு மேல இருக்கிற அட்ரீனல் சுரப்பியில 4 செ.மீ கட்டி இருக்குன்னு தெரிஞ்சுது. இப்போ பார்க்கிற எண்டோகிரைனாலஜிஸ்ட் (ஹார்மோன் டாக்டர்) அந்த மாத்திரையை நிறுத்திட்டு, ஃபியோக்ரோமோசைட்டோமாவா, அதாவது அட்ரினலினை அளவுக்கு மேல சுரக்கிற அட்ரீனல் கட்டியா இருக்கலாம்னு 24 மணி நேர யூரின் டெஸ்ட் எழுதியிருக்காரு, உறுதியானா ரெண்டு வாரமாவது வேற மாத்திரை போட்டுட்டுதான் ஆபரேஷன்ங்கிறாரு. வீட்டுப் பெரியவங்க, கட்டியை வச்சிக்கிட்டு ஏன் நாள் கடத்தணும், ஊசி போட்டு சதை எடுத்து கேன்சரான்னு பாருங்கன்னு ஒத்தைக்கால்ல நிக்கிறாங்க. யாராவது இதைத் தாண்டி வந்திருந்தா சொல்லுங்க, பயமா இருக்கு.

உப்பளம்:

அண்ணா, எனக்கு இதே கட்டிதான், இடது பக்கம், எடுத்தாச்சு, இப்ப நல்லா இருக்கேன். முதல்ல ஒண்ணு, ஊசி போட விடாதீங்க. அந்தக் கட்டிக்குள்ள அட்ரினலின், நார்அட்ரினலின் அடைஞ்சு கிடக்கு, குத்தினா மொத்தமா ரத்தத்துல கொட்டி பிபி எகிறி உயிருக்கே ஆபத்தாயிடலாம், அதுவும் போக சதையை மைக்ராஸ்கோப்ல பார்த்தாலும் இது பரவுமா பரவாதான்னு உறுதியா சொல்ல முடியாதுன்னு எங்க டாக்டர் தெளிவா சொன்னாரு.

யூரின் டெஸ்ட் விஷயம்: காலையில முதல் யூரினை வெளிய விட்டுட்டு மணியைக் குறிச்சுக்கணும், அதுக்கப்புறம் போறது எல்லாத்தையும் கேன்ல சேர்க்கணும், மறுநாள் அதே மணிக்குப் போறதும் சேர்த்துதான் கணக்கு. லேப்ல குடுக்கிற கேன்ல ஆசிட் ஊத்தியிருப்பாங்க, நேரா அதுல போகாம வேற டப்பாவுல பிடிச்சு மெதுவா ஊத்தச் சொல்லுங்க. அட்டாக் வர்ற அன்னைக்குத்தான் பிடிக்கணும்னு காத்திருக்க வேண்டாம், கட்டி உள்ளேயே அட்ரினலினை மெட்டாநெஃப்ரினா மாத்திக்கிட்டே இருக்கும், அதனால படபடப்பு இல்லாத நாள்லயும் ரிப்போர்ட்ல தெரிஞ்சிடும். மூக்கடைப்பு மாத்திரை, மனநல மாத்திரை, பாரசிட்டமால் எது எடுத்தாலும் முன்கூட்டியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, சிலது ரிசல்ட்டைக் குழப்பும்.

பச்சைக்கோட்டு:

நான் மயக்க மருந்து டாக்டர். அந்த ரெண்டு வாரம்தான் உங்க தங்கச்சியைக் காப்பாத்தப் போறது, அதை நாள் கடத்தறதா நினைக்காதீங்க.

அட்ரினலின் ரெண்டு விதமான பூட்டுல வேலை செய்யுது. ஆல்ஃபாங்கிறது ரத்தக்குழாயைச் சுருக்கும், பீட்டாங்கிறது இதயத்தை வேகமா அடிக்க வைக்கும், கூடவே சில ரத்தக்குழாய்களை விரியவும் வைக்கும். ப்ரோப்ரனோலால் மாதிரி பீட்டா மருந்தை முதல்லயே குடுத்தா விரியற வழி அடைபட்டு சுருங்கறது மட்டும் மிச்சம், பிபி மேல போகும், உங்க தங்கச்சிக்கு நடந்தது அநேகமா இதுதான். அதனால முதல்ல ஆல்ஃபா, அதாவது ப்ராசோசின், டாக்ஸாசோசின் இல்லன்னா ஃபினாக்ஸிபென்ஸமைன். அதுக்கப்புறமும் படபடப்பு இருந்தா மட்டும் பீட்டா.

இன்னொண்ணு, ரத்தக்குழாய் ரொம்ப நாளா சுருங்கியே இருந்ததால உடம்புல ரத்த அளவே கொறைஞ்சு போயிருக்கும். மாத்திரை குழாயைத் திறக்கும்போது எழுந்து நின்னா தலை சுத்தும், அதுக்குத்தான் உப்பும் தண்ணியும் அதிகமா எடுக்கச் சொல்லுவாங்க, பிபி பேஷன்ட்டுக்கு உப்பான்னு வீட்ல தடுக்கக் கூடாது (இதயமோ கிட்னியோ பாதிச்சிருந்தா மட்டும் அளவை டாக்டர் மாத்துவார்). ப்ராசோசின் முதல் டோஸை ராத்திரி படுக்கப் போறப்போ போடுங்க, நடுராத்திரி பாத்ரூம் போகணும்னா ஒரு நிமிஷம் கட்டில்ல உட்கார்ந்துட்டு, யாராவது கூட நிக்க, மெதுவா எழுந்திரிக்கணும்.

1926ல சுவிட்சர்லாந்துல ரூ, அமெரிக்காவுல சார்லஸ் மேயோ ரெண்டு பேரும் இந்தக் கட்டியை எடுத்துக் காட்டினாங்க, ஆனா ஆல்ஃபா மருந்து வராத காலத்துல ஆபரேஷன் டேபிள்லயே உயிரை இழந்தவங்க நிறைய. கட்டியைத் தொட்டாலே பிபி ஏறும், அதோட ரத்தக்குழாயைக் கட்டின அடுத்த நிமிஷம் இறங்கும், தயார் பண்ணின உடம்புதான் ரெண்டையும் தாங்கும். 4 செ.மீன்னா பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பியிலேயே எடுத்துடலாம். வாந்திக்கு வேற எங்கயாவது போனா பெரிநார்ம் ஊசி வேண்டாம்னும் சொல்லிடுங்க, அது அட்டாக்கைக் கிளப்பிவிடும்.

வைகைக்கரை:

ரொம்ப நன்றி டாக்டர், நன்றி உப்பளம். ப்ரோப்ரனோலால் விஷயத்தை இப்பவே ஃபைல் அட்டையில சிவப்பு இங்க்ல எழுதி வச்சிட்டேன். வீட்லயும் படிச்சுக் காட்டினேன், ஊசிப் பேச்சு நின்னுடுச்சு. ஒரு சந்தேகம், எங்க அப்பாவுக்கும் சின்ன வயசுலயே பிபி, தைராய்டு ஆபரேஷனும் பண்ணியிருக்கு. சம்பந்தம் இருக்குமா?

மலைச்சாரல்:

தம்பி, இதைக் கட்டாயம் டாக்டர்கிட்ட சொல்லணும். எங்க வீட்ல ஆர்ஈடிங்கிற ஜீன்ல பரம்பரையா வர்ற மாற்றம், என் வீட்டுக்காரருக்கு அட்ரீனல், அவர் அக்காவுக்கு மெடுல்லரி தைராய்டு கேன்சர், எல்லாம் ஒரே மூலம். இந்தக் கட்டி வர்றவங்கள்ல மூணுல ஒருத்தருக்குக் கிட்ட பரம்பரை ஜீன் மாற்றம் இருக்கும், ஆர்ஈடி மட்டுமில்ல, விஎச்எல், எஸ்டிஎச்பி, என்எஃப்1 இப்படி நிறைய. எஸ்டிஎச்பின்னா பரவுற வாய்ப்பு கூட, அதனால ஃபாலோஅப் இன்னும் இறுக்கமா இருக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆகவே தங்கச்சிக்கு ரத்த ஜீன் டெஸ்ட் எடுத்து அதுல ஏதாவது வந்தா நீங்க, உங்க பிள்ளைங்க எல்லாரும் பார்க்கணும்.

அப்பாவோட பழைய தைராய்டு பயாப்ஸி ரிப்போர்ட்டைத் தேடி எடுங்க, அதுல மெடுல்லரின்னு இருக்கான்னு பாருங்க. இருந்தா தங்கச்சி ஆபரேஷனுக்கு முன்னாடியே கால்சிடோனின் டெஸ்ட்டும் (மெடுல்லரி கேன்சரைக் காட்டிக் குடுக்கிற ரத்த டெஸ்ட்) கழுத்து ஸ்கேனும் கேளுங்க. கழுத்துலயும் ஏதாவது வந்தா அட்ரீனலை முதல்ல முடிச்சிட்டுதான் தைராய்டுல கை வைப்பாங்க. சென்னை அரசு பொது மருத்துவமனையிலயும் வேலூர் சிஎம்சியிலயும் எண்டோகிரைன் சர்ஜரின்னு தனி டிபார்ட்மென்ட்டே இருக்கு, அங்க ஒரு ஒப்பினியன் வாங்கிக்கோங்க. எடுத்தப்புறம் முதல் நாள் சுகர் இறங்கலாம், அதைக் கவனிப்பாங்க, அப்புறம் வருஷா வருஷம் மெட்டாநெஃப்ரின் டெஸ்ட், அதை மட்டும் நல்லா இருக்கேன்னு சொல்லி விட்டுட வேண்டாம்னு தங்கச்சிகிட்ட நான் சொன்னதா சொல்லுங்க.