பத்திரத்தில் பேர் சேர்த்த கதை, காலேஜ் மாற்றின கதை: உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்

கொருக்குப்பேட்டை அக்கா:
மாமியார் தன் வீட்டில் பாதியை என் பேருக்கு எழுதக் கிளம்பினார். ரத்த உறவுக்குள் எழுதிக் கொடுக்கும் செட்டில்மெண்ட், முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம்தான் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பத்திர எழுத்தர் ஆதாரைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "மருமகளா? மருமக குடும்பத்துல வரமாட்டாங்கம்மா." தினமும் மாமியாருக்கு இன்சுலின் போடுவது நான். "அப்போ யாருய்யா குடும்பம்?" என்று மாமியார் கேட்ட சத்தத்தில் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். எழுத்தர் விரல் விட்டு எண்ணினார்: அப்பா, அம்மா, புருஷன், பொண்டாட்டி, பிள்ளை, பேரப்பிள்ளை, கூடப்பிறந்தவர்கள். கடைசியில் வீட்டுக்காரர் பேரில்தான் எழுதினோம்.

ராயபுரம் மீன்வண்டி:
அக்கா, அங்கே ஏன் நிறுத்தினீர்கள்? மகனுக்கு வந்த பாகத்தை அவர் மனைவிக்கு எழுதலாமே, அது குடும்பத்துக்குள்தான். இரண்டு முறை செலவு ஆகும், ஆனால் நேராக மருமகளுக்கு எழுதினால் முத்திரைத் தீர்வை மட்டுமே 7 சதவீதம். குடும்பத்துக்குள் என்றால் 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் தனி, அதற்கு உச்சவரம்பு 10,000. 2023 ஜூலைக்கு முன் இதுவே 25,000, 4,000தான். இன்னொன்று, 'பேர் சேர்க்கும் பத்திரம்' என்று தனியாக எதுவும் கிடையாது. பிரிபடாத பாகத்தை, அதாவது இடத்தைப் பிரிக்காமல் அதில் ஒரு பங்கை, எழுதிக் கொடுப்பதுதான். எழுதின கையோடு கூட்டுப் பட்டாவுக்கும் மனு கொடுங்கள். வீட்டின் மேல் கடன் இருந்தால் முதலில் பேங்கில் கேளுங்கள். என் கதை சின்னது: தம்பி பேரைச் சேர்க்கப் போனேன், மூலப்பத்திரம் சேட்டுக் கடையில் இருந்தது.

கொருக்குப்பேட்டை அக்கா:
அதை என் வீட்டுக்காரரிடம் வந்து சொல்லுங்கள் அண்ணா. நான் சொன்னால் டிவி சத்தத்தைக் கூட்டுகிறார்.

வியாசர்பாடி பையன்:
பத்திரமாவது காசு கட்டினால் முடிகிறது. நான் முதல் வருஷம் முடித்து வேறு இன்ஜினியரிங் காலேஜ் மாற நினைத்தேன். "மிச்ச மூணு வருஷ ஃபீஸ கட்டிட்டு டிசிய வாங்கிக்கோ" என்றார் ஆபீஸ் கிளார்க். அவர் பின்னால் பீரோ திறந்தே கிடந்தது. மேல் தட்டில் என் பிளஸ் டூ மார்க்‌ஷீட், ஜெம் கிளிப் துரு என் போட்டோவில் இறங்கியிருந்தது. கை நீட்டினால் எட்டும். ஒரிஜினலைப் பிடித்து வைக்கக் கூடாது என்ற 2018 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அறிவிப்பைப் போனில் காட்டினேன். "இதெல்லாம் எங்களுக்கு வரல தம்பி." ஹார்பர் டூட்டி முடிந்து அழுக்கு யூனிஃபார்மோடு வந்த அப்பா பெஞ்சில் உட்கார்ந்தவர்தான், ஆபீஸ் பூட்டும் நேரம் வரை எழுந்திருக்கவில்லை. பூட்டும்போது கொடுத்தார்கள்.

தண்டையார்பேட்டை ரிட்டயர்டு:
தம்பி, அறிவிப்பைப் பாதி படித்திருக்கிறீர்கள். ஒரிஜினலைத் தர வேண்டும், சரி. கட்டின பணம் வேறு கணக்கு. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால் முழுசும் வரும், அந்தத் தேதி போய் 30 நாள் தாண்டினால் ஒன்றும் வராது. அப்புறம், டிசியை முதலில் வாங்கவே கூடாது. சேரப்போகும் காலேஜில் இடம் இருக்கிறதா என்று பார்த்து, இரண்டு முதல்வர்களிடமும் சம்மதம் வாங்கி, தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் உத்தரவு கைக்கு வந்த பிறகுதான் டிசி. உங்களுக்கு அந்த உத்தரவு வந்ததா, இல்லையா? அதைச் சொல்லவே இல்லையே.