கிளென்பக் போய் வந்த கதை

வணக்கம் சொந்தங்களே,

போன வாரம் லிவர்பூல் ஆட்டத்தை வைத்துக் குழுவில் அடிதடி நடந்துகொண்டிருந்தபோது, ஷார்ஜா தம்பி நடுவில் புகுந்து ஒரு கேள்வி கேட்டிருந்தார். லிவர்பூல் கால்பந்து அணியின் பழைய மேனேஜர் பில் ஷாங்க்லி பிறந்தது ஸ்காட்லாந்தில் ஏதோ பட்டிக்காடாமே, கிளாஸ்கோ அண்ணனுக்குத் தெரியுமா என்று. தெரியும். இரண்டு தடவை போய் வந்திருக்கிறேன். கைப்பேசியில் தட்டி முடிகிற கதையில்லை என்பதால் ஞாயிற்றுக்கிழமை வரை தள்ளிப் போட்டேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் பெயர் கிளென்பக். ஏர்ஷயரின் கிழக்கு ஓரம், மியர்கர்க் என்ற ஊருக்கு மூன்று மைல் இந்தப் பக்கம். கிளாஸ்கோவிலிருந்து எம்74-இல் தெற்கே இறங்கி, டக்ளஸ் கிட்டே மேற்கே திரும்பி ஏ70-ஐப் பிடித்தால் முக்கால் மணி நேரம். முதல் தடவை நான் ஊரைத் தாண்டிப் போய்விட்டேன். வந்துவிட்டது, வந்துவிட்டது என்று காரில் வழி சொல்லும் கருவியின் அம்மணி சொல்கிறாள். இரண்டு பக்கமும் பார்த்தால் புல்மேடு, செம்மறி ஆடு, மலைமேல் காற்றாலை. ஒரு பண்ணை வாசலில் வண்டியைத் திருப்பி, விட்ட குறுக்குச் சாலையைப் பிடித்து உள்ளே போனேன். முதலில் ஓர் ஏரி. கேட்ரின் என்ற ஊரின் பருத்தி ஆலைகளுக்காகத் தண்ணீர் தேக்கி வைத்த ஏரி அது. ஏர் ஆறு அங்கிருந்துதான் கிளம்புகிறது. அப்புறம் ஒரு நினைவுக்கல். அதைச் சுற்றி லிவர்பூல் ரசிகர்கள் கட்டிவிட்டுப் போன சிவப்பு மஃப்ளர்கள். பல மழை பார்த்து வெளிறி, முடிச்சு மட்டும் கல் மாதிரி இறுகிக் கிடந்தன.

ஊர் எங்கே என்று தேடாதீர்கள். அவ்வளவுதான் ஊர்.

இந்த இடத்தில் ஒரு காலத்தில் ஆயிரம் பேர் இருந்தார்கள். எல்லாம் நிலக்கரிச் சுரங்கக் குடும்பங்கள், வரிசை வீடுகள். 1870-களின் கடைசியில் சுரங்கத்துப் பையன்கள் சேர்ந்து கிளென்பக் அத்லெடிக் என்று ஓர் அணி ஆரம்பித்தார்கள். பின்னால் அதுவே கிளென்பக் செர்ரிபிக்கர்ஸ் ஆனது. செர்ரி பறிப்பவர்கள் என்று பெயர் வந்ததற்குக் காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்குப் போன ஊர்க்காரர்கள் இருந்த குதிரைப்படைக்கு அந்தப் பட்டப்பெயர் என்பது ஒரு கதை. கடை வாசலில் இருந்த செர்ரிக் கூடையில் பையன்கள் கை வைத்தார்கள் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். அந்த மேட்டு நிலத்தின் காற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே செர்ரி மரத்திலிருந்து கிடைத்திருக்காது.

சுமார் ஐம்பது வருடம் அந்த அணி இருந்தது. அதற்குள் அந்த ஊரிலிருந்து ஐம்பது பேர் அளவில் சம்பளத்துக்கு ஆடப் போனார்கள். அவர்களில் அரை டஜன் பேர் ஸ்காட்லாந்து நாட்டு அணிக்கே ஆடியவர்கள். நான் முதலில் இதைப் படித்தபோது ஒரு பூஜ்யம் கூடிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

இரண்டு மூன்று பேரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சாண்டி பிரவுன் என்று ஒருவர், முன்வரிசை ஆட்டக்காரர். 1900-01 சீசனில் லண்டன் டாட்டன்ஹாமுக்கு ஆடினார். டாட்டன்ஹாம் அப்போது பெரிய லீகில்கூட இல்லை, தெற்கு லீக் என்ற வேறொரு லீகில் இருந்த டீம். தோற்றால் வெளியே என்று ஆடும் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையில் அந்த வருடம் பிரவுன் ஒவ்வொரு சுற்றிலும் கோல் அடித்தார், மொத்தம் 15. அரையிறுதியில் வெஸ்ட் பிராமை 4-0 என்று வென்றதில் நான்கும் அவர் அடித்ததே. இறுதி ஆட்டம் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில், ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பேருக்கு மேல் கூட்டம். ஷெஃபீல்ட் யுனைடெட்டோடு 2-2. அந்த இரண்டும் பிரவுன் கணக்கு. மறு ஆட்டம் போல்டனில். அங்கே கூட்டம் வரும் என்று நம்பி ஊர்க்காரர்கள் மலைமலையாக இறைச்சிப் பை சுட்டு அடுக்கி வைத்திருந்தார்கள். சலுகை ரயில் டிக்கெட் கிடையாது என்று ஆகிவிட, வந்தது இருபதாயிரம் பேர்தான். பை எல்லாம் வீண். டாட்டன்ஹாம் 3-1 என்று ஜெயித்தது, மூன்றாவது கோல் பிரவுன். அந்தப் பெரிய லீகுக்கு வெளியே இருந்துகொண்டு அந்தக் கோப்பையை வென்ற அணி அதற்குப் பிறகு இன்றுவரை வேறில்லை. அதே அணியில் இடது பக்கத் தடுப்பாளர் சாண்டி டெயிட். அவரும் கிளென்பக். எதிரணியைத் தடுக்கும் விதத்தைப் பார்த்து அவருக்குப் பட்டப்பெயரே ‘பயங்கர டெயிட்’.

பிரவுனுக்கு ஒரு கெட்ட நேரமும் உண்டு. 1902 ஏப்ரல் 5, கிளாஸ்கோ ஐப்ராக்ஸ் மைதானத்தில் ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் ஆட்டம். ஸ்காட்லாந்துக்காக இவர் கோல் அடித்தார். ஆனால் அன்றைக்குத்தான் பார்வையாளர் நின்ற மரமேடையின் ஒரு பகுதி உடைந்து விழுந்து 25 பேர் இறந்தார்கள். அந்த ஆட்டத்தையே கணக்கில் சேர்க்க மாட்டோம் என்று முடிவு செய்துவிட்டார்கள். சேர்க்காதது நியாயம்தான், யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனாலும் ஒரு சுரங்க ஊர்ப் பையன் இங்கிலாந்துக்கு எதிராக அடித்த கோல் ஏட்டில் இல்லாமல் போயிற்று. இரண்டு வருடம் கழித்து 1904-இல்தான் கணக்கில் ஏறுகிற மாதிரி ஓர் ஆட்டம் கிடைத்தது. ஒன்றே ஒன்று.

ஜானி கிராஸ்பி என்று இன்னொருவர். பர்மிங்ஹாமுக்கு நானூறு ஆட்டத்துக்கு மேல் ஆடினார். 1931 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் இருந்தார், தோற்றார். மற்றவர்கள் பெயரைப் போட்டால் இது வாக்காளர் பட்டியல் ஆகிவிடும்.

சரி, இத்துனூண்டு ஊரில் எப்படி இத்தனை பேர்? அந்த மண், அந்தத் தண்ணி, ரத்தத்தில் ஊறியது என்றெல்லாம் எழுதுகிறார்கள். வேறு பொழுதுபோக்கு இல்லை என்பார்கள். அது ஓரளவு உண்மை; பந்தை விட்டால் இரும்பு வளையம் எறியும் விளையாட்டு ஒன்றுதான், அதிலும் அந்த ஊர்க்காரர்கள் கெட்டி. ஆனால் பொழுது போகாத சுரங்க ஊர் ஸ்காட்லாந்தில் நூறு இருந்தது. நான் ஷாங்க்லி குடும்ப மரத்தைக் காகிதத்தில் வரைந்து பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

பில்லின் அம்மா பெயர் பார்பரா பிளைத். அவருடைய அண்ணன் தம்பி இருவர் பந்தாட்டக்காரர்கள். ஒருவர் பாப் பிளைத். ரேஞ்சர்ஸ், பிரஸ்டன் என்று ஆடிவிட்டு இங்கிலாந்தின் தென்கோடி போர்ட்ஸ்மவுத்துக்குப் போனார். அங்கே ஆட்டக்காரர், பிறகு மேனேஜர், கடைசியில் சேர்மன். இன்னொருவர் வில், கார்லைல் யுனைடெட் சங்கத்தில் இயக்குநர் ஆனார். பார்பராவுக்குப் பத்துப் பிள்ளைகள், ஐந்து ஆண், ஐந்து பெண். ஐந்து பையன்களும் சம்பளத்துக்குப் பந்தாடியவர்கள். இப்போது பாருங்கள்: இரண்டாமவர் ஜிம்மி எங்கே போகிறார்? போர்ட்ஸ்மவுத். அடுத்தவர் ஜான்? போர்ட்ஸ்மவுத். ஜிம்மி கார்லைலிலும் இருந்தார். பையன்களில் கடைசி பில் முதன்முதலில் சேர்ந்தது எங்கே? 1932, கார்லைல்.

தாய்மாமன் சமாச்சாரம்! நமக்கு யாரும் விளக்க வேண்டாம். நம்மூரில் முதலில் கப்பல் ஏறியவர் மச்சானைக் கூப்பிட்டார், மச்சான் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டார், இன்றைக்கு இந்தக் குழுவில் பாதிப்பேர் ஒரே தெருக்காரர்கள். ஆட்டம் தெரியாதவனை மாமன் இழுத்துவிட முடியாது, அதுவும் சரி. ஆனால் ஆட்டம் தெரிந்த பையன் நூறு ஊரில் இருந்தான். இந்த ஊர்ப் பையனுக்குக் கதவைத் தட்ட ஆள் இருந்தது. 1901-இல் இங்கிலாந்து லீக் ஆட்டக்காரருக்கு வாரத்துக்கு 4 பவுண்டுக்கு மேல் தரக்கூடாது என்று உச்சவரம்பு போட்டார்கள். வரம்பு என்று அவர்கள் சொன்னது சுரங்கத்தில் கரி வெட்டுகிறவனுக்குப் பெரிய காசு. அதுவும் பகல் வெளிச்சத்தில், மூச்சு முட்டாமல்.

பில் 1928-இல் பள்ளியை விட்டு, அண்ணன் பாப் வேலை பார்த்த சுரங்கத்திலேயே சேர்ந்தார். கரி வண்டிகளோடு இரண்டு வருடம். பிறகு சுரங்கத்தை மூடிவிட்டார்கள், வேலை போயிற்று. செர்ரிபிக்கர்ஸ் அணிக்கு ஆடத்தான் சின்ன வயதிலிருந்து ஆசை. ஒரு சோதனை ஆட்டம் ஆடினார். அதற்குள் 1931-இல் அணியே கலைந்துவிட்டது. கிளென்பக் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோன மனிதர் கிளென்பக் சட்டையைப் போட்டு முறையாக ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை! பன்னிரண்டு மைல் தள்ளி கிரான்பெரி என்ற ஊர் அணிக்கு, சைக்கிள் மிதித்துப் போய் ஆடி, சைக்கிள் மிதித்துத் திரும்பினார். கார்லைல் அங்கிருந்துதான் எடுத்தது. ஒரு வருடத்தில் பிரஸ்டன் 500 பவுண்டு கொடுத்துக் கேட்டது. வாரச் சம்பளம் 5 பவுண்டு. இது ஒரு கூடுதலா என்று பில் முறுக்கிக்கொண்டார். பெரிய அண்ணன் அலெக்தான் உட்காரவைத்துப் புத்தி சொன்னார்: இன்றைய காசைப் பார்க்காதே, டீம் எங்கே போகப் போகிறது என்று பார். போனார். 1938-இல் எஃப்.ஏ. கோப்பை கையில். அப்புறம் லிவர்பூல் மேனேஜராக 1959 முதல் 1974 வரை நடந்ததெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அதை வைத்துத்தானே அடித்துக்கொள்கிறீர்கள்.

தெரியாதது ஒன்று சொல்கிறேன். 1962 ஏப்ரல் 21, சனிக்கிழமை. பில்லின் லிவர்பூல் சவுதாம்ப்டனை 2-0 என்று வென்று இரண்டாம் டிவிஷன் பட்டத்தை உறுதி செய்து மேலே ஏறியது. அடுத்த சனிக்கிழமை, ஏப்ரல் 28. அண்ணன் பாப் மேனேஜராக இருந்த டண்டீ அணி, செயின்ட் ஜான்ஸ்டனை 3-0 என்று வென்று ஸ்காட்லாந்தின் முதல் டிவிஷன் பட்டத்தையே எடுத்தது. டண்டீ அதற்கு முன்னும் பின்னும் அந்தப் பட்டத்தை வென்றதில்லை. ஒரே சுரங்கத்தில் கரி இறைத்த அண்ணன் தம்பி, ஒரே வாரத்தில். அடுத்த வருடம் பாப்பின் டண்டீ ஆட்டக்காரர்கள் ஐரோப்பியக் கோப்பையில் கொலோன் அணியை 8-1 என்று புரட்டிப் போட்டு, அரையிறுதி வரை போய் மிலானிடம் நின்றார்கள். தம்பி பெயருக்குப் பின்னால் அண்ணன் மறைந்துபோனார் என்பது என் நெடுநாள் மனக்குறை. இன்னோர் அண்ணன் ஜான், 1960-இல் கிளாஸ்கோ ஹாம்ப்டன் மைதானத்தில் ரியல் மாட்ரிட் 7-3 என்று வென்ற அந்தப் புகழ்பெற்ற ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்து போய்விட்டார்.

சுரங்கம் போன பிறகு ஊர் மெல்லக் காலியானது. மியர்கர்க் பக்கமும் இன்னும் தூரமும் குடும்பம் குடும்பமாக நகர்ந்தார்கள். கடைசியில் சில கூரைகள்தான் மிச்சம். பிறகு திறந்தவெளிச் சுரங்கம் வந்தது, மிச்சம் இருந்த தெருத்தடம் எல்லாவற்றையும் தோண்டிவிட்டார்கள். அடியில் நிலக்கரி இன்னும் இருந்ததே! அந்தக் கம்பெனியும் 2013-இல் திவாலாகி, தோண்டிய பள்ளத்தை அப்படியே விட்டுவிட்டது. ஸ்பயர்ஸ்லாக் என்று அதற்குப் பெயர். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குப் பாறை அடுக்கடுக்காகத் தெரிகிறது. பள்ளத்தைப் பார்க்க இப்போது நிலவியல் மாணவர்கள் வருகிறார்கள்.

இரண்டாம் தடவை போனபோது மகனையும் கூட்டிப்போனேன், ஒன்பது வயது. காரிலிருந்து இறங்கியதும் “கோல் போஸ்ட் எங்கேப்பா?” என்றான். செர்ரிபிக்கர்ஸ் ஆடிய இடத்துக்கு பர்ன்சைட் பார்க் என்று பெயர். ஓடைக்கரையில் இருந்த மைதானம். ஓடைப்பக்கம் கை காட்டினேன். என் ஷூவையும் அவன் ஷூவையும் இரண்டு பக்கமும் கழற்றி வைத்து, ஈரப்புல்லில் காலுறையோடு அரைமணி நேரம் உதைத்தோம். இரண்டு பேருக்கும் சளி பிடித்தது. வீட்டில் விழுந்த திட்டை இங்கே எழுத முடியாது.

ஆகஸ்டில் லீட்ஸ் சித்தப்பா குடும்பம் வருகிறது. வேனில் இன்னும் மூன்று இடம் இருக்கிறது. வர நினைக்கிறவர்கள் தனிமடலில் சொல்லுங்கள். மாற்றுக் காலுறை எடுத்து வாருங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டுதான் போக வேண்டும், அங்கே டீக்கடை கிடையாது.

அன்புடன்,
கிளாஸ்கோவிலிருந்து