கோத்தகிரி பனிக்கு ரா தேவையா, ஜேபெக் போதுமா?

தேயிலைமேடு:
வணக்கம். என்னிடம் இருப்பது பழைய 24 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர், அதோடு வந்த லென்ஸ். கோடநாடு காட்சிமுனை, லாங்வுட் சோலை, வீட்டைச் சுற்றி உள்ள தோட்டங்கள், இவைதான் பெரும்பாலும் எடுப்பது. அக்கம்பக்கத்தில் காதுகுத்து, வளைகாப்பு என்றால் கூப்பிடுவார்கள், அதற்கும் போவேன். இதுவரை எல்லாமே ஜேபெக்தான், அதாவது கேமராவே மெருகேற்றிச் சுருக்கித் தரும் படம். பனி இறங்கும் காலையில் எடுத்தால் படம் முழுக்க அழுக்கு வேட்டி மாதிரி சாம்பலாக வருகிறது. சரி என்று கம்ப்யூட்டரில் கான்ட்ராஸ்டைக் கூட்டினால் பனியில் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறது. ராவில், அதாவது கேமரா பதிந்ததை மெருகேற்றாமல் அப்படியே வைக்கும் கோப்பில் எடு, எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். உண்மையா? லேப்டாப் பழசு, 8 ஜிபி ராம்.

சோலைக்குருவி:
நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனிக் கோளாறு. சாம்பலாக வருவதற்கும் ஜேபெக்குக்கும் சம்பந்தமே இல்லை. கேமராவில் வெளிச்சம் அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தர வெளிச்சம் என்று நினைத்துக்கொள்ளும், பனியோ வெள்ளை, அதனால் தானே இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +1 வைத்து எடுத்துப் பாருங்கள், ராவுக்குப் போகாமலே பாதி பிரச்சினை தீர்ந்துவிடும்.

கோடு விழுவதுதான் ஜேபெக்கின் வேலை. அது 8 பிட், அதாவது ஒரு நிறத்துக்கு 256 படிகள். 12 பிட் ராவில் 4096, 14 பிட்டில் 16384. கோடநாட்டில் மாயாறு பள்ளத்தாக்கை மூடியிருக்கும் பனியில் மொத்த வெளிச்ச வித்தியாசமே கொஞ்சம்தான், 256இல் ஒரு சின்னத் துண்டுக்குள் அத்தனையும் அடங்கிவிடும். அதைப் பிடித்து இழுத்தால் படிகள் கண்ணுக்குத் தெரியத்தானே செய்யும்? போதாததற்கு ஜேபெக் படத்தை 8x8 கட்டங்களாக வெட்டிச் சுருக்குகிறது, அந்தக் கட்டங்களும் பனி மாதிரி வழுவழுப்பான இடத்தில்தான் முதலில் பல்லிளிக்கும். பனிக்கு ரா, சந்தேகமே வேண்டாம்.

குன்னூர்க்காரர்:
சோலைக்குருவி சொல்வது சரிதான், ஆனால் காதுகுத்துக்கும் ரா என்று கிளம்பிவிடாதீர்கள் தம்பி. விசேஷ வீட்டில் சாயங்காலமே வாட்ஸ்அப்பில் படம் வேண்டும் என்பார்கள், அது மறுபடியும் சுருக்கித்தான் அனுப்பப்போகிறது. உட்கார்ந்து நூற்றுக்கணக்கான ராவைத் திருத்த யாருக்குப் பொறுமை? குழந்தை அழும் நேரத்தில் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் பழைய கேமராவில் ராவுக்கு பஃபர் (படங்களைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) நிரம்பி அப்படியே நின்றுவிடும், நல்ல முகபாவம் அந்த இடைவெளியில்தான் வரும்! ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) ஆட்டோவில் விடாமல் அந்த இடத்து விளக்குக்கு ஏற்றபடி நீங்களே வைத்து ஜேபெக்கில் எடுங்கள், போதும்.

ஒன்றே ஒன்று விதிவிலக்கு. படுகர்களின் பேரகணி ஹெத்தையம்மன் பண்டிகை மாதிரி எல்லாரும் வெள்ளை உடுத்தி வெயிலில் நிற்கும் இடம். துணி மடிப்பெல்லாம் ஜேபெக்கில் வெளுத்துக் காணாமல் போகும். அங்கே நானும் ராதான்.

சோலைக்குருவி:
வெள்ளைத் துணி என்றதும் சொல்லத் தோன்றுகிறது, ராவும் மந்திரம் இல்லை. ஒளியைப் பதியும் சென்சாரில் வெளிச்சம் முழுக்க நிரம்பி வெளுத்துவிட்ட இடம் ராவிலும் திரும்ப வராது. ஆனால் கேமராவின் பின்திரையில் தெரியும் ஹிஸ்டோகிராம் (வெளிச்ச வரைபடம்) ஜேபெக் முன்னோட்டத்தை வைத்துப் போடுவது, அதனால் மிக வெளிச்சமான வலது ஓரத்தைக் கொஞ்சம் தொட்டாலும் ராவில் இன்னும் சரக்கு இருக்கலாம். லாங்வுட் சோலைக்குள் இது ரொம்ப உதவும். இலைகளுக்கு நடுவே வானம் வெள்ளை வெள்ளையாக எரியும், கீழே புதரில் கருஞ்சிவப்பு ஈப்பிடிப்பான் குருவி இருட்டில் உட்கார்ந்திருக்கும், ஜேபெக்கில் ஏதாவது ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும்.

பூம்பாறை:
கொடைக்கானல் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. 2018இல் குறிஞ்சி பூத்தபோது ஜேபெக்கில் எடுத்தவர்கள் படங்களைப் பார்த்தால் ஒரே சரிவு ஒன்றில் நீலம், இன்னொன்றில் ஊதா. மேகம் வந்து போவதற்குள் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் மனசை மாற்றிக்கொள்ளும், ஜேபெக்கில் அது படத்தோடு ஒட்டிவிடும், பிறகு மாற்றினாலும் நிறம் கலங்கும். ராவில் அது வெறும் குறிப்புதான், வீட்டுக்கு வந்து எல்லாப் படத்துக்கும் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். அடுத்த பூப்பு 2030, அதற்குள் பழகிவிடுங்கள்.

தேயிலைமேடு:
நன்றி எல்லாருக்கும். அப்போது பனிக்கும் காட்டுக்கும் ரா, விசேஷத்துக்கு ஜேபெக். லேப்டாப் தாங்குமா, இடம் எவ்வளவு அடைக்கும்?

பூம்பாறை:
24 மெகாபிக்சல் ரா ஒன்று சுமார் 25, 30 எம்பி வரும், நல்ல தர ஜேபெக் பத்துக்குப் பக்கம். மெனுவில் தரம் குறையாமல் சுருக்கும் ரா இருந்தால் அதையே வையுங்கள், படத்தில் எதுவும் போகாது. ராவைத் திருத்தும் மென்பொருள்களில் டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம், 8 ஜிபியில் மெதுவாக ஓடும், ஆனால் ஓடும். முதல் தடவை ராவைத் திறந்தால் கேமரா திரையில் பார்த்ததைவிடச் சப்பென்று இருக்கும், பயப்படாதீர்கள், கேமரா ஜேபெக்குக்குப் போடும் மெருகு அதில் ஏறியிருக்காது. முதலில் கொஞ்ச நாள் ரா, ஜேபெக் இரண்டையும் சேர்த்தே பதியும்படி வைத்துவிட்டு, தேறாத ராவை அன்றைக்கே அழித்துவிடுங்கள். சேர்த்து வைத்தால் ஹார்டு டிஸ்க் வாங்கியே தேய்ந்துபோவீர்கள்.