பேக் பட்டனை அழுத்தினால் யுஆர்எல்லும் ஸ்டேட்டும் மாறி மாறி ஓடுகின்றன: ரியாக்ட் ரவுட்டர் 6

கேள்வி:
வணக்கம். பட்டியல் பக்கம் ஒன்றில் தேடல் பெட்டி, வகை ஃபில்டர், பக்க எண் மூன்றும் யூஸ்ஸ்டேட்டில் (ரியாக்ட் காம்பொனென்ட் தனக்குள் வைத்திருக்கும் மதிப்பு, அதாவது ஸ்டேட்) இருக்கின்றன. லிங்க்கை யாருக்கு அனுப்பினாலும் அதே பட்டியல் தெரிய வேண்டும் என்பதால், ஸ்டேட் மாறினால் யுஆர்எல்லை மாற்ற ஒரு யூஸ்எஃபெக்ட் (ரெண்டர் முடிந்ததும் ஓடும் கோட்), யுஆர்எல் மாறினால் ஸ்டேட்டை மாற்ற இன்னொன்று.

பேக் அழுத்தினால் முடிவே இல்லாமல் ரெண்டர் ஆகிறது. டிபென்டென்சி அரேயிலிருந்து (எது மாறினால் எஃபெக்ட் ஓட வேண்டும் என்ற பட்டியல்) செட்சர்ச்பாராம்ஸை (யுஆர்எல் பாராமீட்டர்களை எழுதும் ஃபங்ஷன்) எடுத்தால் லூப் நிற்கிறது, ஆனால் லின்ட் (கோட்டில் தவறு தேடும் கருவி) எச்சரிக்கிறது, ஃபார்வர்டு பட்டனும் செத்துவிடுகிறது. எந்த எஃபெக்ட்டில் நிபந்தனை போடுவது?

பதில்:
எதிலும் வேண்டாம், இரண்டையுமே எடுத்துவிடுங்கள். நடப்பதைப் பாருங்கள். 3ஆம் பக்கத்திலிருந்து பேக் அழுத்துகிறீர்கள். யுஆர்எல்லில் 2 வந்துவிட்டது, ஸ்டேட்டில் இன்னும் 3. பதிப்பு 6இல் பாராம்ஸ் மாறும்போதெல்லாம் செட்சர்ச்பாராம்ஸும் புது ஃபங்ஷனாக வருவதால், ஸ்டேட் மாறாவிட்டாலும் முதல் எஃபெக்ட் ஓடி யுஆர்எல்லில் 3 என்று எழுதுகிறது. அதே சமயம் இரண்டாவது எஃபெக்ட் ஸ்டேட்டை 2 ஆக்குகிறது. அடுத்த ரெண்டரில் அப்படியே தலைகீழ். டிபென்டென்சியை எடுத்தால் ஸ்டேட் 2 ஆனதும் யுஆர்எல்லில் 2 மறுபடி புஷ் ஆகிறது, அதாவது ஹிஸ்டரியில் புதுப் பதிவாக விழுகிறது. புஷ் ஆனதும் ஃபார்வர்டு பக்கம் இருந்த ஹிஸ்டரி பதிவுகள் அழிந்துவிடும், அதனால்தான் ஃபார்வர்டு இல்லை.

பக்க எண்ணுக்கும் வகைக்கும் ஸ்டேட்டே வேண்டாம். ரெண்டரிலேயே யூஸ்சர்ச்பாராம்ஸிலிருந்து (யுஆர்எல் பாராமீட்டர்களைத் தரும் ஹுக்) படியுங்கள், கிளிக் ஹேண்ட்லரில் எழுதுங்கள். வருவதெல்லாம் ஸ்ட்ரிங்தான், எண்ணாக மாற்றி, கண்டபடி இருந்தால் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதும்போது கவனம்: வெறும் ஆப்ஜெக்ட்டைக் கொடுத்தால் மற்ற பாராமீட்டர்கள் எல்லாம் போய்விடும். ஃபங்ஷன் வடிவத்தில் பழையதை வாங்கி, வேண்டியதை மட்டும் மாற்றுங்கள். வகை மாறினால் பக்கம் 1க்குத் திரும்ப வேண்டுமே, அதையும் அதே அழைப்பிலேயே செய்யுங்கள். அடுத்தடுத்து இரண்டு அழைப்பு போட்டால் யூஸ்ஸ்டேட் போல இது வரிசையில் நிற்காது, முதல் மாற்றம் காணாமல் போகும்.

கேட்டவர்:
மிக்க நன்றி, பக்கமும் வகையும் சரியாகிவிட்டன. தேடல் பெட்டியில்தான் ஒவ்வொரு எழுத்துக்கும் ஹிஸ்டரியில் ஒரு பதிவு விழுகிறது.

இன்னொருவர் பதில்:
பெட்டியில் தட்டிக்கொண்டிருக்கும் சொல் வேறு, தேடிய சொல் வேறு. அதனால் இங்கே மட்டும் ஸ்டேட் நியாயம்தான். ஆன்சேஞ்சில் ஸ்டேட்டை உடனே மாற்றுங்கள், யுஆர்எல்லை 300 மில்லிசெகண்டு டிபவுன்ஸ் செய்து (தட்டுவது நின்று அவ்வளவு நேரம் ஆன பிறகே எழுதுவது), ரீப்ளேஸ் ட்ரூ போட்டு (புதுப் பதிவு சேர்க்காமல் இப்போதைய பதிவையே மாற்றுவது) எழுதுங்கள். டிபவுன்ஸ் இல்லாமல் விடாதீர்கள். குறுகிய நேரத்தில் அளவுக்கு மீறிய தடவை ஹிஸ்டரியை மாற்றினால் சஃபாரி செக்யூரிட்டிஎரர் வீசும். பக்கம், வகை இரண்டுக்கும் புஷ்ஷே இருக்கட்டும், பேக் அழுத்துபவர் திரும்ப நினைப்பது அங்கேதான்.

பேக் அழுத்தும்போது பெட்டியும் மாற, கடைசியாக யுஆர்எல்லில் எழுதிய சொல்லை ஒரு ரெஃப்பில் (மாறினாலும் ரெண்டரைத் தூண்டாத சேமிப்பிடம்) வைத்து, ஒரு எஃபெக்ட்டில் யுஆர்எல்லில் வந்தது வேறாக இருந்தால் மட்டும் அந்தச் சொல்லைப் பெட்டிக்கும் ரெஃப்புக்கும் கொடுங்கள். இந்த எஃபெக்ட் ஒருவழி, யுஆர்எல்லைத் தொடாது, லூப் வராது. காத்திருக்கும் டைமரையும் அங்கேயே ரத்து செய்யுங்கள், இல்லாவிட்டால் பழைய சொல் பின்னாலேயே வந்து உட்காரும். இன்புட்டுக்கு யுஆர்எல்லில் உள்ள சொல்லையே கீயாகக் கொடுத்து ரீமவுன்ட் செய்யலாம் (பெட்டியைப் புதிதாக உருவாக்கலாம்) என்று சிலர் சொல்வார்கள். தட்டும்போதே ஃபோகஸ் போய்விடும், வேண்டாம்.